நல்ல நேரம் பார்த்து நிறுத்தப்படும்

பிறக்கப்போகும் குழந்தைக்கு நேரம் குறித்துக்கொண்டு வந்து, "எட்டு மணிக்குள்ள எடுத்துடுங்க டாக்டர், அப்புறம் நட்சத்திரம் மாறிடும்" என்று வயிற்றைக் கீறச் சொல்வது உங்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான். செத்துப்போவதற்கும் அப்படி நேரம் குறித்துக் கொடுக்கலாம் என்று கண்டுபிடித்தது எங்கள் கல்லூரி. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில், வயலை மேடாக்கிக் கட்டிய தனியார் மருத்துவக் கல்லூரி. பெயர் வேண்டாம். நான் அங்கே மயக்க மருந்துப் பேராசிரியர், பங்கஜவல்லி. நின்றுபோன இதயத்தை மறுபடி ஓடவைப்பது எப்படி என்று மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும், எப்போது ஓடவைக்கக் கூடாது என்று நெறிமுறை வகுப்பு எடுப்பதும் என் வேலை. முதல் பாடத்துக்கு நூறு பேர் வருவார்கள். இரண்டாவது பாடத்துக்கும் நூறு பேர் வருவார்கள், வருகைப்பதிவு எடுத்து முடிக்கும்வரை.

எல்லாவற்றுக்கும் காரணம் உலக்கை. பெட்டியின்மேல் 'ஜீவரக்ஷா' என்றுதான் அச்சிட்டிருக்கும். மார்பைச் சுற்றிக் கட்டிவிட்டால் நிற்காமல் இடித்துக்கொண்டே இருப்பதால் மாணவர்கள் உலக்கை என்றார்கள், அதுவே நின்றுவிட்டது. மனிதக் கை சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். உலக்கை ஓயாது. பக்கத்திலேயே ஒரு குப்பி, ரத்தத்தில் பிராணவாயுவைக் கலந்து அனுப்பும். இதயம் முழுக்கக் கெட்டுப்போனவரைக்கூட நாள்கணக்கில் வைத்திருக்கலாம். பிழைக்கவும் வைக்காது, சாகவும் விடாது. எங்கோ வெளிநாட்டில், மாற்று இதயம் வந்து சேரும்வரை தாக்குப்பிடிப்பதற்காகச் செய்த கருவி. நம் ஊருக்கு வந்ததும் அதற்கு வேறு வேலை கிடைத்தது.

முதல் ஆள் ஒரு ரைஸ்மில் முதலாளி. சனிக்கிழமை காலையில் உலக்கை கட்டினோம். மதியத்துக்குள் தெரிந்துவிட்டது, இதயம் இனித் திரும்பாது. மகனைக் கூப்பிட்டு, நிறுத்திவிடலாம் என்றேன். அவர் அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கு சனிக்கிழமையா இருக்கே டாக்டரம்மா. துணைக்கு இன்னொருத்தரையும் கூட்டிட்டுப் போயிடுவாருன்னு அம்மா பயப்படுறாங்க. நாளைக்குக் காலைல நிறுத்திக்கலாமே" என்றார், கரண்ட் ஆபீஸில் தேதி கேட்கிற மாதிரி.

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். டீன் கலியபெருமாள் முந்திக்கொண்டு, "அதுக்கென்ன, தாராளமா!" என்றார்.

சட்டமும் வசதியாகவே இருந்தது. உலக்கையில் இருக்கும்வரை ஆள் உயிரோடு இருப்பதாகக் கணக்கு. உலக்கையை நிறுத்தும் நேரம்தான் இறந்த நேரம். நிறுத்துவதற்கு நெருங்கிய உறவினர் அனைவரும் சம்மதிக்க வேண்டும். அதற்கு முன்னால் இன்னொரு வரியும் உண்டு: நோயாளிக்கு நினைவு இருந்தால் அவர் சொல்வதே முடிவு. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. நினைவு இருக்க நாங்கள் விட்டால்தானே?

ஒரே வருடத்தில் வரவேற்பறையில் போர்டு மாட்டிவிட்டார்கள். 'சுபவிடை. நல்ல நேரம் பார்த்து நிறுத்தப்படும்.' கீழே பூத்துக் குலுங்கும் ஒரு தாமரைப் படம்.

நேரம் பார்ப்பதற்கு ஆள் வேண்டாமா? ஐ.சி.யூ.வுக்கு அடுத்த அறையில் தாண்டவராயர் வந்து உட்கார்ந்தார். திருவிடைமருதூரில் பெயர்பெற்ற ஜோதிடர், எழுபது வயது, வாயில் எப்போதும் வெற்றிலை. வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடிக்கொண்டே இருக்கும், டீ குடிக்கும்போதுகூட. மேஜைமேல் இரண்டு பஞ்சாங்கங்கள். வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. நட்சத்திரம் எப்போது மாறுகிறது என்பதில் இரண்டுக்கும் ஒத்துப்போகாது. ஒவ்வொரு குடும்பமும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திட்டும்.

"நீங்க எந்தக் கட்சி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வர்றவங்க எந்தக் கட்சியோ அந்தக் கட்சி" என்றார். "எனக்கென்ன டாக்டரம்மா? போறவரு எப்படியும் போகப்போறாரு. இருக்கறவங்க நிம்மதியாத் தூங்கணும். நீங்க ஊசி குடுக்கறீங்க, நான் நேரம் குடுக்கறேன். ரெண்டும் மயக்க மருந்துதானே?"

எனக்கு அவரைப் பிடிக்கும். அந்த மனிதர் செய்த வேலை பிடிக்காது, மனிதரைப் பிடிக்கும். எங்கள் கல்லூரியில் பொய்யைப் பொய் என்று தெரிந்து சொன்ன ஒரே ஆள் அவர்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டீனுக்கு ஒரு யோசனை வந்தது. நாளைக்கு டாக்டராகி வெளியே போகிற பிள்ளைகள் குடும்பத்தாரிடம் இதையெல்லாம் பேசத் தெரியாமல் விழிக்கக் கூடாதாம். ஆகவே என் நெறிமுறைப் பாடத்தில் பாதியை வெட்டி 'நேர நிர்ணயம்' என்று ஒரு பகுதி சேர்த்தார். தேர்ச்சி கட்டாயம். வியாழக்கிழமை மதியம் தாண்டவராயர் வகுப்பு. நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? விடுதியில் முக்கியக் கேள்விகள் தயாராகிவிட்டன. முதல் மதிப்பெண் ஹாஜா மைதீன். இருபத்தேழு நட்சத்திரங்களையும் தலைகீழாகச் சொல்வான்.

கடைசி மதிப்பெண் ஜெபக்கனி. தூத்துக்குடிப் பெண், அப்பாவுக்குப் படகுத் தொழில். கை என்றால் அதுதான் கை. பயிற்சி பொம்மையின் மார்பில் அவள் அழுத்தினால் திரையில் கோடு ஒரே சீராக ஏறி இறங்கும். ஆனால் பரணிக்கும் பூரட்டாதிக்கும் வித்தியாசம் கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். நேர நிர்ணயத்தில் ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டிருந்தாள். இந்தத் தடவையும் விட்டால் இந்த வருடம் பட்டம் கிடையாது.

ஒருநாள் வகுப்பில் அவள் எழுந்து நின்று, "ஐயா, இதுல நோயாளிட்ட யாரு கேப்பா?" என்றாள்.

"என்ன கேக்கணும்?"

"எப்பம் போணும்னு."

வகுப்பே சிரித்தது. தாண்டவராயரும் சிரித்தார். "அதான் ஜாதகம் பேசுதேம்மா. நோயாளி எதுக்குத் தனியா வேற பேசணும்?" என்று சொல்லி, அன்றைய தேர்வுக்கு அவளுக்குப் பூஜ்யம் போட்டார்.

அன்று சாயங்காலம் பயிற்சி அறையில் அவள் பொம்மையைப் போட்டு இடித்துக்கொண்டிருந்தாள். ஜோதிடர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ரப்பர் மார்பில் இறங்கியது.

"போதும்டி, அது பாவம்" என்றேன்.

"மேடம், உலக்கைல இருக்கவங்களுக்கு வலிக்குமா?"

"மயக்கத்துல இருக்காங்க."

"மயக்கம் என்னத்துக்குக் குடுக்கோம்? இதயம்தான் நின்னுட்டே?"

"இதயம் நின்னாலும் ரத்தம் ஓடுதுல்ல? மூளைக்கு ரத்தம் போனா ஆளு முழிச்சுக்குவாரு. கண்ணத் திறப்பாரு, கைய ஆட்டுவாரு. முதல் மாசம் ஒரு வாத்தியாரு அப்படித்தான் கண்ணத் திறந்து பொண்டாட்டியப் பாத்தாரு. அந்தம்மா, பொழைச்சுட்டாரு பொழைச்சுட்டாருன்னு ஆஸ்பத்திரியே அதிரக் கத்துச்சு. நிறுத்தவே விடல. அப்பவே டீன் சொல்லிட்டாரு, இனிமே எவரும் கண்ணத் திறக்கக் கூடாதுன்னு. தினம் காலைல ஒரு தடவை, மூளை வேலை செய்யுதான்னு பாக்க மருந்தக் குறைப்போம். அப்ப சொந்தக்காரங்கள வெளிய அனுப்பிடுவோம்."

"அப்பம் அவங்க முழிக்கும்போது கேக்கலாமே."

"என்னத்த?"

"நிறுத்தவான்னு. நெறிமுறை வகுப்புல நீங்க சொன்ன முதப் பாடமே அதான மேடம். உறவுக்காரங்ககிட்ட கேக்கது, நோயாளியால சொல்ல முடியாதப்பம் மட்டும்தான்னு."

"அது பரீட்சையில எழுதறதுக்குச் சொன்னதுடி" என்றேன். சொன்ன பிறகு எனக்கே கேவலமாக இருந்தது. அவள் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கடுத்த வியாழக்கிழமை தாண்டவராயர் அடைப்பைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தார். "அவிட்டம் பாதியில ஆரம்பிச்சு ரேவதி முடியற வரைக்கும் அடைப்பு. இதுக்குள்ள ஒருத்தர் போனா வீட்டை மாசக்கணக்குல பூட்டி வைக்கணும். அதனால இந்த அஞ்சு நட்சத்திரத்துல உலக்கைய நிறுத்தவே கூடாது. இன்னிக்கு ராத்திரியிலேருந்து அடைப்புதான். யாரும் செத்துகித்து வச்சிடாதீங்கப்பா" என்று சிரித்தார். சிரித்தபடியே மேஜைமேல் சாய்ந்தார்.

நடித்துக் காட்டுகிறார் என்று வகுப்பு கைதட்டியது. ஜெபக்கனி மட்டும் பெஞ்சின்மேல் ஏறிக் குதித்து ஓடினாள். அவரைத் தரையில் கிடத்தி, மூச்சும் நாடியும் இல்லை என்று பார்த்து, அழுத்த ஆரம்பித்தாள். நான் ஓடி வந்தபோது அவள் நெற்றியிலிருந்து வியர்வை அவர் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஹாஜா மூச்சுப் பையைப் பிடித்திருந்தான். மற்றவர்கள் செல்போனைப் பிடித்திருந்தார்கள். ஷாக் கொடுத்தோம், மருந்து கொடுத்தோம், இதயத்தின் மூன்று ரத்தக்குழாய்களையும் படம்பிடித்துப் பார்த்தோம். மூன்றும் அடைத்துக் கிடந்தன. பெரிய இதயநோய் நிபுணர் கையை விரித்துவிட்டார். அதற்குள் தாண்டவராயருக்கு உலக்கை கட்டியாகிவிட்டது.

மகன்கள் வந்தார்கள். மூத்தவர் கதிரேசன், அப்பாவிடமே தொழில் கற்றவர், வாக்கியம். இளையவர் பாலதண்டபாணி, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, செல்போனில் திருக்கணிதம். நிலைமையைச் சொன்னேன். இருவரும் அழுதார்கள். அழுது முடிந்ததும் வழக்கமான இடத்துக்கு வந்தார்கள்.

"ரேவதி செவ்வாக்கிழமை ராத்திரிதான் முடியுது. அதுக்கப்புறம் நிறுத்தலாம்" என்றார் கதிரேசன்.

"அது உன் வாக்கியத்துல. கணிதப்படி மத்தியானமே முடிஞ்சிடுது. ஆனா செவ்வாக்கிழமையே வேணாம்ணே. புதன் காலைல வச்சுக்கலாம்."

"புதன் காலைல எனக்குச் சந்திராஷ்டமம்டா."

"சாகப்போறது நீயா, அப்பாவா?"

நான் குறுக்கே புகுந்தேன். "புதன் வரைக்கும்லாம் தாங்காதுப்பா. இத்தனை நாள் உலக்கைல இடிச்சா நெல்லே மாவாயிடும். இது எலும்பு."

டீன் தொண்டையைக் கனைத்தார். "ஐயா எந்தப் பஞ்சாங்கத்தை நம்பினாருன்னு தெரிஞ்சா விஷயம் முடிஞ்சுது. அதன்படியே பண்ணிடலாம்."

அங்கேதான் சிக்கல். மூத்தவரிடம் வாக்கியம்தான் சரி என்று சொல்லியிருக்கிறார். இளையவரிடம் கணிதம்தான் சரி என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்குள்ளேயே வாடிக்கையாளருக்குத் தகுந்த பேச்சு! இரண்டு மகன்களும் வராந்தாவில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, அப்பா என்னிடம்தான் உண்மையைச் சொன்னார் என்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே உலக்கை இடித்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அவரைப் பார்க்கப் போனேன். கண்கள் மூடியிருந்தன. இரண்டு கண் ஓரத்திலும் ஈரம். மயக்கம் போதாதபோது கண்ணில் நீர் வரும் என்று புத்தகத்தில் இருக்கிறது, நானே பாடம் எடுத்திருக்கிறேன். அப்போது எனக்குப் புத்தகம் ஞாபகம் வரவில்லை. நின்றுகொண்டு அழுதேன். பிறகு மருந்தைக் கூட்டினேன், ஏனென்றால் அதுதான் என் வேலை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செய்முறைத் தேர்வு. நேர நிர்ணயப் பாடத்துக்கு நோயாளி தேவை. டீன் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு, "நம்ம ஜோசியரையே வச்சிடலாமே. அரிய கேஸ். ஐயாவுக்கும் ஒரு மரியாதை" என்றார். வெளித்தேர்வாளர் மதுரையிலிருந்து வந்திருந்தார். அவருடைய கவனமெல்லாம் தட்டில் இருந்த வாழைக்காய் பஜ்ஜியில். மாணவர் உள்ளே வந்து, பஞ்சாங்கம் பார்த்து, குடும்பத்தாருக்கு உகந்த நேரத்தை விளக்கிச் சொல்ல வேண்டும். மகன்கள் இருவரும் குடும்பத்தாராக நிஜமாகவே நின்றார்கள்.

முதலில் வந்தது ஜெபக்கனி. அவள் உள்ளே நுழைந்த நேரமும், நான் அன்றைய மருந்தைக் குறைத்திருந்த நேரமும் ஒன்றாகிவிட்டன. தற்செயல் என்று விசாரணையில் சொன்னேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

"நோயாளி அடைப்பில் இருக்கிறார். எந்த நேரம் உகந்தது?" என்றார் வெளித்தேர்வாளர், பஜ்ஜியை முடித்துவிட்டு.

ஜெபக்கனி பஞ்சாங்கத்தைத் தொடவில்லை. படுக்கையருகே போனாள். தாண்டவராயரின் கண்கள் திறந்திருந்தன.

"ஐயா, நான் ஜெபக்கனி. பூஜ்யம் வாங்குன புள்ள. என்னத் தெரியுதா? தெரிஞ்சா கண்ண மூடித் திறங்க."

மூடித் திறந்தார்.

"வலிக்கா?"

அவர் கண்ணை இறுக மூடினார். திறக்கவே நேரமாயிற்று. கதிரேசன் "அப்பா!" என்று கத்தினார். டீன் என் பக்கம் திரும்பி, "மருந்து, மருந்து!" என்று கிசுகிசுத்தார். எனக்குக் காது மந்தம் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"ஐயா, உங்க இதயம் நின்னுட்டு. இந்த மிஷின்தான் இடிச்சிட்டு இருக்கு. நிறுத்துனா நீங்க போயிருவிய. இதயம் இனி திரும்பாது. எப்பம் நிறுத்தணும்னு நீங்கதான் சொல்லணும்."

அவருடைய வலது கை போர்வைமேல் கிடந்தது. கட்டைவிரல் மெல்ல அசைந்து சுண்டுவிரல் கணுவுக்குப் போனது. பிறகு அடுத்த விரல். பிறகு அதற்கடுத்தது.

"அப்பா கணிக்கிறாரு!" என்றார் பாலதண்டபாணி. இரண்டு மகன்களும் கைகூப்பினார்கள். வெளித்தேர்வாளர் பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். விரல் கணித்ததா, இடி தாங்காமல் உதறியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கட்டைவிரல் நின்றது. கை மெல்ல எழுந்து எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டியது. பிறகு விரல்களை விரித்துக் கவிழ்த்தார். சாப்பாட்டுப் பந்தியில் போதும் என்று இலைமேல் கையைக் காட்டுவோமே, அந்த மாதிரி.

"இப்பமா ஐயா?"

கண்ணை மூடித் திறந்தார்.

"அய்யய்யோ, இப்ப ராகுகாலம்!" என்றார் கதிரேசன். "சனிக்கிழமை. சதயம். அடைப்பு. இதைவிட மோசமான நேரம் வருஷத்துக்கே கிடையாது. அப்பாவுக்குப் புத்தி தடுமாறுது, விடாதீங்க!"

ஜெபக்கனி இரண்டாம் முறை கேட்டாள். அதே கை, அதே கடிகாரம். "இது ராகுகாலமாம் ஐயா, உங்க மவன் சொல்லுதாரு. பரவால்லயா?" என்று மூன்றாம் முறையும் கேட்டாள். அவர் வாயில் குழாய் இருந்தது. இல்லாவிட்டால் சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன், கண் அப்படி இருந்தது. கையைத் தூக்கி மறுபடி கடிகாரத்தைக் காட்டினார். பிறகு அவள் உள்ளங்கையைத் தேடிப் பிடித்து, ஆள்காட்டி விரலால் அதில் ஒரு கோடு கிழித்தார். கீழே இறங்கி மேலே ஏறும் கோடு. ஆசிரியர்கள் விடைத்தாளில் போடுகிற 'சரி'.

"மேடம்" என்று என்னைப் பார்த்தாள் அந்தப் பெண்.

"நினைவு இருந்தால் அவர் சொல்வதே முடிவு" என்று டீனுக்குச் சட்டத்தின் அந்த வரியைச் சத்தமாகச் சொன்னேன். மருந்தைக் கொடுத்து அவரை நன்றாகத் தூங்கவைத்தேன். மகன்கள் இருவரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு கையைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார்கள். உலக்கையை நிறுத்தினேன். அந்த அறையில் இரண்டு நாளாகக் கேட்ட சத்தம் நின்றதும் யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

விசாரணை நடந்தது. சட்டப்படி என்னைத் தொட முடியவில்லை, முறைத்துவிட்டு விட்டுவிட்டார்கள். ஜெபக்கனிக்குத் தோல்வி. பஞ்சாங்கத்தைப் பாராமல் நேரம் சொன்னாள் என்பது காரணம். உள்ளங்கையில் போட்ட டிக்கை மதிப்பெண் பட்டியலில் ஏற்ற வழியில்லை என்று தேர்வு அலுவலகம் சொல்லிவிட்டது. நான் கத்திப் பார்த்தேன், பலனில்லை. மறுதேர்வு எழுதும்வரை பயிற்சி உதவியாளராக என்னுடனேயே வைத்துக்கொண்டேன். ஹாஜா அவளுக்கு நட்சத்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஊர் இனி எங்களைக் காறித் துப்பும் என்று டீன் நடுங்கிக்கொண்டிருந்தார். நடந்ததே வேறு. இவ்வளவு பெரிய ஜோதிடர், நினைவோடு, தன் விரலால் கணித்து, தனக்கென்று தேர்ந்தெடுத்த நேரம் மட்டமான நேரமாகவா இருக்கும்? சனியும் சதயமும் ராகுவும் கூடுகிற வேளையில் போகிறவருக்கு மறுபிறவியே கிடையாது, அதைத்தான் ஐயா இத்தனை நாள் ரகசியமாக வைத்திருந்தார் என்று யாரோ யூடியூபில் பேசினார்கள். அடைப்புக்காக வீட்டைப் பூட்டிப்போட்டிருந்த கதிரேசனே பூட்டைத் திறந்துகொண்டு வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த வேளைக்குத் 'தாண்டவ நேரம்' என்று பெயரும் வைத்தார். சதயம் வரும்வரை யார் காத்திருப்பது? சனிக்கிழமை ராகுகாலத்துக்கு இப்போது முன்பதிவு!

அவருக்கு வலித்தது, போதும் என்றார், அவ்வளவுதான் என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். யார் கேட்டார்கள்?

ஆனால் நம் ஆட்களுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் ஒருமுறை நடந்தபடியே, ஒரு சொட்டு குறையாமல் செய்ய வேண்டும். கதிரேசன் முறையை வகுத்தார். நோயாளி கண்ணைத் திறந்திருக்க வேண்டும். ஒரு கன்னிப்பெண் பக்கத்தில் நின்று மூன்று தடவை கேட்க வேண்டும். மூன்று தடவையும் நோயாளி கையைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் நேரம் பலிக்காது. டீன் என் அறைக்கே வந்து, "பங்கஜவல்லி, சனிக்கிழமை காலைல மருந்தக் குறைச்சிடுங்க. குடும்பங்கள் கேக்கறாங்க" என்றார். இருபது வருடம் நெறிமுறை வகுப்பில் சொல்லி நுழைக்க முடியாத ஒன்று, ராகுகாலத்தில் கதவைத் தட்டாமலே உள்ளே வந்துவிட்டது. சிரிப்பதா, அழுவதா? கேட்கும் கன்னிப்பெண் வேலைக்கு, தேர்வில் தோற்ற ஜெபக்கனியையே நியமித்தார்கள்.

முதல் சனிக்கிழமை, கொரடாச்சேரியிலிருந்து செண்பகவடிவு என்ற அம்மாள். மூன்று மகன்கள், பட்டு வேட்டியில். கதிரேசன் கடிகாரத்தோடு நின்றார். ஜெபக்கனி நிலைமையை எடுத்துச் சொல்லி, நிறுத்தட்டுமா என்று கேட்டாள். அந்த அம்மாள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"மாட்டேங்குறாவ" என்றாள் ஜெபக்கனி.

மகன்கள் திகைத்தார்கள். இரண்டாம் தடவை கேட்டாள். மறுபடியும் தலையாட்டல். கண்கள் வாசல் பக்கமே போயின.

"அம்மா, யாரையும் பாக்கணுமா?"

கண்ணை மூடித் திறந்தார். யார், யார் என்று ஆளாளுக்குப் பெயர் சொன்னார்கள். எதற்கும் அந்தக் கண் அசையவில்லை. கடைசியில் பின்னால் நின்ற மூத்த மருமகள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "திலகா" என்றாள். அந்த அம்மாளின் கண்களிலிருந்து நீர் வழிந்தது.

"அவளுக்கு நாங்க சொல்லல" என்றார் மூத்த மகன். "சாதி விட்டுக் கட்டிக்கிட்டுப் போனவ. எங்களுக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது."

"உங்களுக்கு இல்ல, சரி" என்றாள் ஜெபக்கனி. "அம்மைக்கு இருக்கே."

எல்லோரும் கதிரேசனைப் பார்த்தார்கள். அவர் விழித்தார். தான் வகுத்த முறையில் தானே மாட்டிக்கொண்டார். "நோயாளி கை காட்டாம நிறுத்தினா பலிக்காது. அப்பா ஏற்படுத்தினது" என்றார் கடைசியில், வேறு வழியில்லாமல்.

திருப்பூரிலிருந்து அந்தப் பெண் பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அம்மாவின் கன்னத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதாள். வெகுநேரம் கழித்து அந்த அம்மாள் தானாகவே ஜெபக்கனியைத் தேடி, இப்போது என்று கையைக் காட்டினார். மூன்று தடவையும் காட்டினார். அது ராகுகாலமா, எமகண்டமா, நல்ல நேரமா என்று ஒருவரும் பார்க்கவில்லை. சான்றிதழில் எழுத வேண்டியிருந்ததால் நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அடுத்த வாரமே முறை இன்னும் ஒரு படி நீண்டுவிட்டது. தாண்டவ நேரம் முழுதாகப் பலிக்க வேண்டுமென்றால், பேச்சுவார்த்தை அற்றுப்போன ஒரு மகளோ மகனோ பக்கத்தில் இருக்க வேண்டுமாம். கதிரேசன் அதையும் போர்டில் எழுதி மாட்டிவிட்டார். குடும்பங்கள் எங்கெங்கோ போன் போட்டு, விலாசம் விசாரித்து, கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிக்கொண்டு வருகின்றன. அப்படி ஒருவர்கூட இல்லாத குடும்பம் இன்னும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.